மரை ஒத்துப்போன கதை: வீட்டுப் பட்டறைக் கருவிகளின் வரலாறு

1896-ஆம் ஆண்டு ஜூன் 4. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம், பேக்லி அவென்யூ, 58-ஆம் எண் வீடு. இன்னும் விடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் கொட்டகைக்குள் ஒரு வண்டி தயாராக நிற்கிறது. நான்கு சைக்கிள் சக்கரங்கள், இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஹாரனுக்குப் பதிலாக ஒரு காலிங் பெல். ரிவர்ஸ் கியர் கிடையாது. பல மாத இரவுகளின் உழைப்பு அது. ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் தெரிந்தது, வண்டி கதவை விட அகலம் என்று!

வண்டியைச் செய்தவர் யோசிக்கவில்லை. கோடாலியை எடுத்துக் கதவு நிலையையும் சுவரையும் இடித்தார். வாடகை வீட்டின் சுவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. வண்டி தெருவுக்கு வந்தது. நண்பர் ஜிம் பிஷப் சைக்கிளில் முன்னால் போய் வழி விலக்க, டெட்ராய்ட் தெருவில் அது ஓடியது. ஓட்டியவர் பெயர் ஹென்றி ஃபோர்டு.

எடிசன் இல்லுமினேட்டிங் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வீட்டில் அவர் செய்த வண்டி அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், தன் முதல் எஞ்சினைச் சமையலறைத் தொட்டியின் மேல் பொருத்தி ஓட்டிப் பார்த்தவரும் அவரே. ஒரு எரிவாயுக் குழாய்த் துண்டுதான் சிலிண்டர். லேத் மெஷினின் கைச்சக்கரம்தான் ஃப்ளைவீல். சொட்டுச் சொட்டாக எரிபொருள் விட்டது மனைவி கிளாரா.

வீட்டுப் பட்டறை என்றாலே பலரும் சொல்லும் கதை இது. பொதுவாக இதைத் திறமையின் கதையாகவே சொல்வார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே திறமையோடு ஃபோர்டு நூறு ஆண்டுகள் முன்னால் பிறந்திருந்தால், அந்தக் கொட்டகையில் அவரால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. ஏனென்றால் அன்று ஒருவர் செய்த நட்டு இன்னொருவர் செய்த போல்ட்டில் ஏறாது.

ஒரு தனி மனிதன், தன் வீட்டில், ஒரு பெட்டிக் கருவிகளை வைத்துக்கொண்டு, உலகத்தில் யாரோ செய்த இயந்திரத்தைப் பிரித்து மாட்ட முடிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுச் சண்டைகளும் சமாதானங்களும் இருக்கின்றன. நாம் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் டிரில்லிங் மெஷினும் அந்தச் சமாதானங்களின் விளைவுகள்தான்.

மரை கழன்ற காலம்

திருகாணியின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடும் அந்த வரிக்குத் தமிழில் மரை என்று பெயர். "அவனுக்கு மரை கழன்று போச்சு" என்று கிண்டல் செய்கிறோமே, அதே மரைதான்.

18-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான மரைகள் கையால் வெட்டப்பட்டவை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்றே செய்த நட்டு உண்டு. ஒரு இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். கலந்துவிட்டால் தலைவலிதான்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே. 1771-இல் பிறந்தவர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உருவாக்கிய முழுக்க உலோகத்தால் ஆன மரை வெட்டும் லேத், ஒரே அளவு மரையைத் திரும்பத் திரும்ப வெட்டித் தந்தது. அவருடைய மேஜையில் ஒரு மைக்ரோமீட்டரும் இருந்தது. ஒரு அங்குலத்தைப் பத்தாயிரமாகப் பிரித்து அளக்கும் என்று புகழ் பெற்றது. பட்டறையில் எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும் கடைசித் தீர்ப்பு அதனுடையது என்பதால் அதற்கு 'லார்ட் சான்சலர்' என்று பட்டப்பெயர். அன்றைய இங்கிலாந்தில் அது தலைமை நீதிபதியைப் போன்ற பதவி!

மாட்ஸ்லேயின் பட்டறைக்குள் மரைகள் ஒத்துப்போயின. ஆனால் பக்கத்துப் பட்டறையின் மரை வேறு. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் இதற்கு ஒரு வழி கண்டார். நாட்டின் பல பட்டறைகளில் இருந்து திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, அவற்றின் சராசரியை எடுத்தார். மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குல போல்ட்டுக்கு 12 மரை, இப்படி ஒரு அட்டவணை. 1841-இல் லண்டனில் சிவில் பொறியாளர்கள் சங்கத்தில் இதை ஒரு கட்டுரையாக முன்வைத்தார். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. மெல்ல இங்கிலாந்து முழுக்க ஒரே மரை வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விட்வொர்த் தன்னுடைய மரைதான் சிறந்தது என்று சொல்லவில்லை. எல்லாருடைய மரைக்கும் நடுவில் ஒன்றை எடுத்தார். அதனால்தான் அது நிலைத்தது.

எரிந்த நகரம்

அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. 1864-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ், விட்வொர்த்தின் 55 பாகையை அளப்பது கஷ்டம், மரையின் முனையை உருட்டுவது அதைவிடக் கஷ்டம் என்று சொல்லி, 60 பாகைக் கோணமும் தட்டையான முனையும் கொண்ட வேறொரு மரையை முன்வைத்தார். சாதாரணப் பட்டறைக்காரரும் வெட்டிவிடலாம் என்பதுதான் அவருடைய வாதம். நியாயமான வாதம். ஆனால் விளைவு? இங்கிலாந்தின் அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்காவின் அரை அங்குல போல்ட்டில் 13. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சில சுற்று ஏறும். பிறகு இறுகிக்கொள்ளும்.

அளவு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நகரம் மிகக் கொடூரமாகத் தெரிந்துகொண்டது. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீப்பிடித்தது. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பல ஊர்களில் இருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி வந்தன. ஆட்கள் இருந்தார்கள், பம்பு இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களில் பல பால்டிமோரின் தெருக்குழாயில் பொருந்தவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மரை! முப்பது மணி நேரத்துக்கும் மேலாக எரிந்த தீயில் 1500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பு நாடு முழுக்க ஆராய்ந்தபோது 600-க்கும் மேற்பட்ட வகைக் குழாய் இணைப்புகள் இருப்பது தெரியவந்தது.

இரண்டாம் உலகப்போரில் அதே பிரச்சினை நாடுகளுக்கு இடையில் வந்தது. பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் இருந்த பேக்கார்டு கார் கம்பெனி தயாரிக்க ஒப்புக்கொண்டது. எஞ்சின் முழுக்க பிரிட்டிஷ் மரைகள். அமெரிக்கக் கடையில் அவற்றை வெட்டும் கருவியே இல்லை. பேக்கார்டு அந்தக் கருவிகளையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

போர் முடிந்ததும் பாடம் படித்தார்கள். 1947-இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு பிறந்தபோது அதன் தொழில்நுட்பக் குழுக்களின் வரிசையில் ஒன்றாம் எண் எதற்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? திருகாணி மரைக்கு! 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரு பொது மரைக்கு ஒப்பந்தம் போட்டன. இன்று உலகின் பெரும்பாலான இடங்களில் மெட்ரிக் மரை புழங்குகிறது. கடையில் போய் "எம் 8 போல்ட்டு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வண்டி நிறைய ஸ்பேனர்

மரை ஒன்றானாலும் நட்டின் தலை ஒன்றாக நாளாகும். அதுவரை மெக்கானிக் என்ன செய்வார்? எல்லா அளவு ஸ்பேனரையும் தூக்கிக்கொண்டு அலைவார்.

ஸ்வீடனின் என்ஷெப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்த யோஹான் பெட்டர் யோஹான்சனுக்கு இது எரிச்சலாக இருந்தது. வேலைக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அளவு. புதிது புதிதாக ஸ்பேனர் செய்துகொண்டே இருக்க முடியுமா? தாடையை நகர்த்திக்கொள்ளும் ஸ்பேனர்கள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றைச் செம்மைப்படுத்தி, கட்டைவிரலால் ஒரு சிறு உருளையைச் சுற்றினால் தாடை நகரும்படி அவர் அமைத்து, 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். இன்றும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் கிட்டத்தட்ட அதே உருவத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் பல மொழிகளில் அதற்கு 'ஸ்வீடன் சாவி' என்றே பெயர்.

ஆனால் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒரு சமாளிப்புதான். தாடை கொஞ்சம் ஆடும். இறுகிப் பிடித்த நட்டில் போட்டு அழுத்தினால் நட்டின் முனைகளை உருட்டிவிடும். அளவு சரியாக இருக்கும் ரிங் ஸ்பேனர் ஆறு முனைகளிலும் பிடிக்கிறது. அதனால் விசை பரவுகிறது. முதலில் ரிங், அது நுழையாத இடத்தில் ஓப்பன் ஸ்பேனர், இரண்டும் இல்லாதபோது மட்டும் அட்ஜஸ்டபிள் என்பதுதான் நல்ல மெக்கானிக்குகளின் வரிசை.

விட்வொர்த்தின் பேய் தமிழ்நாட்டிலும் ரொம்ப நாள் உலாவியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ராயல் என்ஃபீல்டு இந்தியாவுக்கு வந்தது. பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அளவு நட்டுகள் இருந்தன. மெட்ரிக் செட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதில் கை வைத்தவர்கள் திண்டாடினார்கள். அதிலும் விட்வொர்த் ஸ்பேனரில் ஒரு குழப்பம் உண்டு. மெட்ரிக் ஸ்பேனரில் 13 என்று போட்டிருந்தால் தாடையின் அகலம் 13 மில்லிமீட்டர். விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் விட்டம்! தாடையின் அகலமோ அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். தெரியாதவர்களுக்குப் பார்த்த உடனே மரை கழன்றுவிடும்.

ப்ளஸ், மைனஸ், சதுரம்

ஸ்க்ரூ டிரைவரின் கதை சண்டைக்கும் பேராசைக்கும் நல்ல உதாரணம். நீண்ட காலம் இருந்தது 'மைனஸ்' திருகாணி மட்டும்தான். தலையில் ஒரு வெட்டு, அவ்வளவே. செய்வது சுலபம். ஆனால் டிரைவர் வழுக்கிக்கொண்டு ஓடும். பொருளிலோ கையிலோ குத்தும்.

கனடாவைச் சேர்ந்த பி. எல். ராபர்ட்சன் ஒரு விற்பனையாளர். அப்படி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் யோசித்தார் என்று சொல்வார்கள். 1908-ஐ ஒட்டி அவர் கொண்டுவந்தது சதுரக் குழி உள்ள திருகாணி. டிரைவரின் முனையில் திருகாணி தானாகவே ஒட்டி நிற்கும். ஒரு கையால் வேலை செய்யலாம். ஃபோர்டு கம்பெனி அதைப் பயன்படுத்திப் பார்த்து, காருக்கு இவ்வளவு நேரம் மிச்சமா என்று அசந்துபோனது. உரிமையைத் தன் கட்டுக்குள் கொண்டுவர விரும்பியது. ராபர்ட்சன் மறுத்துவிட்டார். விளைவு, அருமையான அந்தத் திருகாணி பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ் வேறு வழியில் போனார். இன்னொருவரிடம் இருந்து வாங்கிய யோசனையை மேம்படுத்தி, 1936-இல் 'ப்ளஸ்' வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்தார். 1930-களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை காடிலாக் காரில் பயன்படுத்தியது. மோட்டாரில் ஓடும் டிரைவருக்கு ப்ளஸ் மிகவும் ஏற்றது. முனை தானாக நடுவில் போய் உட்காரும். இங்கே 'ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்' என்று கேட்டு வாங்குவது இந்த ஃபிலிப்ஸைத்தான். சதுரம் பிடிப்பில் சிறந்தது. ஆனாலும் உலகம் முழுக்கப் பரவியது ப்ளஸ். காரணம், அது எல்லாரிடமும் இருந்தது.

ப்ளஸ்ஸிலும் அளவு உண்டு என்பது பலருக்கும் தெரியாது. பி.எச். 1, பி.எச். 2, பி.எச். 3 என்று முனைகள் உண்டு. வீட்டில் அதிகம் உதவுவது 2. ஜப்பானிய பைக்குகளில் இருக்கும் ப்ளஸ் பார்க்க ஒன்றாக இருந்தாலும் ஃபிலிப்ஸ் இல்லை. அது ஜப்பானின் தனித் தரம். ஃபிலிப்ஸ் டிரைவரால் அழுத்தித் திருகித் தலை மழுங்கிப்போன கார்புரேட்டர் திருகாணிகள் ஏராளம்.

எல் வடிவ ஆலன் கீயின் கதை இன்னும் முக்கியம். அன்றைய தொழிற்சாலைகளில் ஒரே நீளமான தண்டு சுழன்று எல்லா இயந்திரங்களையும் ஓட்டும். அதில் சக்கரங்களை இறுக்கிப் பிடிக்கும் திருகாணிகளின் சதுரத் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தொழிலாளியின் சட்டை அதில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். 1910-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஆலன், தலையே இல்லாமல், அறுகோணக் குழியோடு உள்ளே அமுங்கி நிற்கும் திருகாணிகளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்தபோது அதன் பெயரே 'பாதுகாப்புத் திருகாணி'. இன்று சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கப் பயன்படும் அந்தச் சிறு கம்பி, ஆட்களின் உயிரைக் காப்பதற்காகப் பரவியது.

துப்பாக்கிப் பிடி

தீயில் எரிந்த அதே பால்டிமோரில், ஆறு ஆண்டுகள் கழித்து, 1910-இல் இரண்டு இளைஞர்கள் ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார்கள். டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர். முதலீடு ஆளுக்கு 600 டாலர். பிளாக் தன் காரை விற்றுத்தான் அதைப் போட்டார்.

மின்சார டிரில் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1889-இல் மெல்போர்னில் ஆர்னட்டும் பிரெயினும் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் சகோதரர்கள் கையில் தூக்கும் டிரில்லைச் செய்துவிட்டார்கள். பிளாக்கும் டெக்கரும் செய்தது, அதை மனிதனின் கைக்கு ஏற்றதாக மாற்றியது. துப்பாக்கியைப் போன்ற பிடி, விரலால் அழுத்தும் விசை. 1917-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனாலும் அது ஏறத்தாழ 10 கிலோ எடை. தொழிற்சாலைக்கான பொருள். வீட்டுக்காரர் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுப் பட்டறைக்குக் கிடைத்தது தரையிலோ மேஜையிலோ நிற்கும் டிரில் பிரஸ்தான். 1938-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு வாடகை வீட்டின் கராஜில் பில் ஹியூலட்டும் டேவ் பேக்கார்டும் வேலை தொடங்கியபோது (இந்த பேக்கார்டுக்கும் மேலே சொன்ன கார் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை) அவர்களிடம் இருந்தது 538 டாலர் முதலும், சியர்ஸ் கடையின் பழைய டிரில் பிரஸ் ஒன்றும். கராஜின் அளவு 12 அடிக்கு 18 அடி. அங்கே செய்த ஆடியோ ஆஸிலேட்டர்தான் எச்.பி. கம்பெனியின் முதல் பொருள். அதன் அடுத்த வடிவத்தில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேசியா' படத்துக்காக வாங்கியது.

டிரில் வீட்டுக்குள் வந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் டிரில்கள் அடிக்கடி காணாமல் போயின. தொழிலாளர்கள் வீட்டு வேலைக்காக எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது. சாதாரண முதலாளியாக இருந்தால் காவலாளியைக் கூட்டியிருப்பார். பிளாக் அண்ட் டெக்கரோ வேறு மாதிரி கணக்குப் போட்டது. திருடும் அளவுக்கு ஆசை இருந்தால், வாங்கும் அளவுக்கும் இருக்குமே! போர் முடிந்து 1946-இல் வீட்டுக்காரர்களுக்கென்றே கால் அங்குல டிரில்லை 16.95 டாலருக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே விற்பனை பத்து லட்சத்தை எட்டியது.

வயரில்லாத டிரில் நாசா கண்டுபிடித்தது என்று ஒரு வதந்தி உண்டு. உண்மை வேறு. பேட்டரி டிரில் 1961-இலேயே கடைக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் அந்தக் கம்பெனி விண்வெளிக்கான கருவிகளில் பங்கெடுத்தது. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் துளையிட்ட டிரில் அதில் ஒன்று.

மூன்றாவது கை

தனியாக வேலை செய்பவருக்கு எப்போதும் குறைவது ஒரு கை. ஒரு கையில் கருவி, ஒரு கையில் பொருள். பொருளை அசையாமல் பிடிப்பது யார்? பட்டறையில் உதவியாளர் உண்டு. வீட்டில் கிடையாது. பெஞ்ச் வைஸ் அந்த வேலையைச் செய்கிறது. அதைத் தாண்டி இரண்டு பேர் சேர்த்தவை உண்டு.

ஒருவர் டென்மார்க்கில் இருந்து அமெரிக்காவுக்குப் போன கொல்லர் வில்லியம் பீட்டர்சன். நெப்ராஸ்காவின் டி விட் என்ற சிற்றூரில் பட்டறை. சூடான இரும்பைக் குறட்டால் பிடித்துப் பிடித்துக் கை வலித்தவர். 1924-இல் அவர் செய்த குறடு, ஒரு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விடாது. வைஸ் கிரிப் என்று பெயர். காரில் வைத்துக்கொண்டு விவசாயிகளிடம் விற்றார். தலை மழுங்கிய நட்டைக் கழற்ற இன்றும் அதுதான் கடைசி நம்பிக்கை. டி விட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டது.

இன்னொருவர் ரான் ஹிக்மன். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் அலமாரி செய்யும்போது ஒரு நல்ல நாற்காலியின் மேல் பலகையை வைத்து ரம்பத்தால் அறுத்தார். பலகையோடு சேர்த்து நாற்காலியும் அறுந்தது! அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'வொர்க்மேட்'. மடக்கி வைக்கும் மேஜை, அதன் மேல்பலகையே வைஸாகவும் வேலை செய்யும். ஸ்டான்லி போன்ற கம்பெனிகள் இது விற்காது என்று திருப்பி அனுப்பின. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் மறுத்தது. 1968 முதல் ஹிக்மன் தானே விற்றார். 1970-களின் தொடக்கத்தில் அதே பிளாக் அண்ட் டெக்கர் வந்து உரிமம் வாங்கியது. 2011-இல் அவர் இறந்தபோது விற்றிருந்தவை சுமார் மூன்று கோடி.

மறுபடியும் பூட்டப்படும் பெட்டி

கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு (பிறப்பு 1893) இளைஞராக இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்தது, அதை முழுக்கப் பிரித்து மறுபடி மாட்டியது. அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் அவருடைய கல்லூரி. பிறகு அவர் பஸ் ஓட்டியதும், மின்சார ஷேவர் செய்ததும் எல்லாருக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியைச் செய்தவர்கள் இருந்தது இங்கிலாந்தில். பிரித்தவர் இருந்தது கொங்கு நாட்டில். இருவருக்கும் நடுவில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஸ்பேனர் பொருந்தியது, அவ்வளவுதான். அந்த நட்டு திறக்க முடியாததாக இருந்திருந்தால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2009 முதல் ஆப்பிள் நிறுவனம் தன் பொருட்களில் ஐந்து இதழ் கொண்ட புது வகைத் திருகாணியைப் போடத் தொடங்கியது. அப்போது கடைகளில் அதற்கு டிரைவர் கிடையாது. ஐஃபோன் 4 முதலில் ஃபிலிப்ஸ் திருகாணியோடு வந்தது. பழுது பார்க்கக் கொடுத்த போன்கள் புதுத் திருகாணியோடு திரும்பி வந்ததை 2011-இல் கவனித்தார்கள். அதற்கான டிரைவர் சீக்கிரமே சந்தைக்கு வந்துவிட்டது என்றாலும் விஷயம் புரிந்துவிட்டது. விட்வொர்த் காலத்தில் மரை ஒத்துப்போகாததற்குக் காரணம் அறியாமை. இப்போது அது ஒரு முடிவு.

எதிர்ப்பும் எழுந்தது. 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காக மக்கள் வாக்களித்தார்கள். 2022-இல் இந்திய அரசு இதற்காக ஓர் இணையதளம் தொடங்கியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுது பார்க்கும் உரிமைக்கு விதிமுறை கொண்டுவந்தது. இருநூறு ஆண்டுகளாக நடக்கும் அதே சண்டையின் அடுத்த சுற்று இது.

அப்படியானால் எதை வாங்குவது?

வரலாறே வரிசையைச் சொல்லிவிடுகிறது. முதலில் அளக்கும் கருவி: ஒரு இஞ்ச் டேப், ஒரு வெர்னியர். ஃபோர்டின் சுவர் ஞாபகம் இருக்கட்டும். அடுத்து மெட்ரிக் ரிங் ஸ்பேனர் செட், சரியான அளவு முனை கொண்ட ப்ளஸ், மைனஸ் டிரைவர்கள், ஆலன் கீ செட். பிறகு பிடிப்பதற்கு ஒரு வைஸ் கிரிப், இடம் இருந்தால் பெஞ்ச் வைஸ். அதன் பிறகே டிரில்லிங் மெஷின், கூடவே கண்ணுக்குக் கண்ணாடி. சுத்தியலும் ரம்பமும் அரமும் ஏற்கெனவே பல வீடுகளில் உண்டு. பளபளக்கும் நூறு உருப்படி செட்டை ஒரே நாளில் வாங்குவதை விட, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. மலிவான ஸ்பேனர் முதலில் கெடுப்பது தன்னை அல்ல, நட்டைத்தான்.

ஃபோர்டு இடித்த கொட்டகையின் மாதிரி இன்று டியர்பார்னில் உள்ள கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹியூலட்டும் பேக்கார்டும் வேலை செய்த கராஜை கலிஃபோர்னியா அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நாயுடுவின் மோட்டார் சைக்கிள் கோவையில் காட்சிக்கு இருக்கிறது. மூன்று இடத்திலும் மக்கள் போய்ப் பார்ப்பது ஒரு பெரிய மனிதரின் தொடக்கத்தை. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் சில நட்டுகளும் தெரியும். அவற்றைத் திறக்க அந்த மனிதர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.